முழுப்பேர்

எங்கள் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, அம்மா அப்பா வைத்த பெயர். மற்றது, ஒரு நாள் சம்பளம். காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, கேட்ட நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் செக்ரோலில் முழுப்பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். அரைப்பேர் விழுந்த நாளில் வாசலுக்கு வரும்போதே முகத்தில் தெரிந்துவிடும். "இன்னைக்கி நான் பாதி ஆளு" என்று சொல்லிக்கொண்டே கூடையை இறக்கி வைப்பார்.

அந்த அம்மாவின் மகளாகிய நான், சமூகவியல் படித்து, பத்து வருடத்துக்கு மேலாகத் தோட்டப் பெண்களுடன் வேலை செய்துவரும் நான், ஒருத்திக்கு அரைப்பேர் போட்டேன். சகோதரிகளே, அதைத்தான் இம்முறை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

2025 நவம்பர் கடைசி வாரம். டித்வா புயல் எங்கள் மலைகளைப் புரட்டிப் போட்ட நாட்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு லயங்களை வாரிக்கொண்டு போனது. நான் வேலை செய்யும் தோட்டம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரு பழைய லயம், மேலே தேயிலை மலை, பக்கத்தில் ஓடை. லயத்துக்கும் அப்பால், ஓடைக் கரையில், தகரமும் பொலித்தீனும் போட்ட ஒரு குடில். அதில் இருந்தாள் என் கதைக்குரியவள்.

அவள் திருநங்கை. பதினேழு வயதில் அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தியதிலிருந்து அந்தக் குடில்தான் வீடு. தோட்டத்தில் பேர்பதிவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பாள். மற்ற நாட்களில் மரக்கறித் தோட்டங்களில் கூலிவேலை, திருவிழாக் காலத்தில் மாலை கட்டுவது. என்னை அக்கா என்பாள். நான் தங்கச்சி என்பேன். மற்றவர்கள் அவளைக் கூப்பிடும் வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு மனமில்லை. உங்களுக்கும் அவை தெரியாதவை அல்ல.

அன்றிரவு ஓடையின் சத்தம் திடீரென்று நின்றுபோனதாம். கொட்டுகிற மழையில் ஓடை எப்படி வற்றும்? டோர்ச் அடித்துப் பார்த்தால் சொட்டுச் சொட்டாகச் சேற்றுத் தண்ணீர். மேலே எங்கேயோ மண் இறங்கித் தண்ணீரை மறித்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு தகரப் பேணியையும் கம்பையும் எடுத்துக்கொண்டு லயம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டினாள். திட்டினவர்களும் உண்டு. ஆனாலும் எழும்பினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறிய கொஞ்ச நேரத்தில் மண் வந்தது. லயத்தின் பாதியும் அவளுடைய குடில் முழுவதும் போயின. ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் எல்லோரையும் ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் சேர்த்தார்கள். பெயர்ப்பட்டியல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. குடும்பத் தலைவர், அங்கத்தவர் தொகை, ஆண், பெண், அடையாள அட்டை இலக்கம். அவளுடைய முறை வந்தபோது என் பேனா நின்றது. அட்டையில் ஓர் ஆண் பெயர். எதிரே நிற்பவள் ஒரு பெண். அவளுக்குக் குடும்பம் என்று எழுத எவரும் இல்லை. பின்னால் நீண்ட வரிசை, எல்லோரும் குளிரில் நடுங்குகிறார்கள். "பிறகு பார்ப்போம் தங்கச்சி" என்று சொல்லி அடுத்தவரை எழுதினேன்.

இரவானதும் இன்னொரு சிக்கல். பெண்கள் படுத்த வகுப்பறையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆண்களின் பக்கம் அவளை அனுப்ப முடியாது. நான் யோசித்து, பெரிய தீர்வு கண்டவளைப் போல, சமையல் நடக்கும் கொட்டகையில் ஒரு பாயைப் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் சாக்கை மூடிக்கொண்டு படுத்தாள். ஊரை எழுப்பியவள் ஊரோடு படுக்க இடமில்லாமல் போனாள். அந்த ஏற்பாட்டைச் செய்தது வேறு யாருமல்ல, நான்தான்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் மகளிர் குழு கூடியது. வழக்கமாக டிசம்பர் 10, மனித உரிமைகள் தினத்தையொட்டி ஒரு கலந்துரையாடல் வைப்போம். இம்முறை வேண்டாமென்றுதான் நினைத்தேன். பெண்கள்தான், "சும்மா குந்தியிருந்தா பயமா இருக்குங்க மிஸ், எதாவது பேசுங்க" என்றார்கள். பல்கலைக்கழகக் காலத்தில் படித்து மனதில் தங்கிப்போன ஒரு கறுப்பினப் பெண்ணின் கதையைச் சொன்னேன்.

ஃபானி லூ ஹேமர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1917இல், ஒரு குத்தகைக் கூலிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கினார். கொஞ்சம் எழுத வாசிக்கத் தெரிந்ததால், வளர்ந்த பின் தான் உழைத்த தோட்டத்தில் வேலைக் கணக்கு எழுதும் பொறுப்பும் கிடைத்தது. பருத்தி நிறுக்கும் தராசில் முதலாளி பொய் எடைக்கல் வைப்பதை அவர் கண்டுபிடித்தார். முதலாளி அந்தப் பக்கம் இல்லாத நேரத்தில் சரியான கல்லை வைத்து நிறுத்துக் கொடுப்பாராம்.

இந்த இடத்தில் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக்கள் கழிபடுவதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. "அப்ப அந்தம்மா நம்ம செக்ரோல்காரங்க மாதிரிங்களா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். "செக்ரோலும் எழுதுனாங்க, கூலியாவும் இருந்தாங்க பெரியம்மா" என்றேன்.

மேலும் சொன்னேன். 1961இல் ஒரு சிறு கட்டியை அகற்றவென்று வைத்தியசாலைக்குப் போன ஹேமரின் கருப்பையையே அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அப்படி நடந்தது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. சத்திரசிகிச்சை என்னவென்று சரியாக விளங்கப்படுத்தாமலே கையெழுத்து வாங்கிய கதைகளை எங்கள் மூத்த பெண்கள் பலர் என்னிடம் தனியே சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் யார் யார் தலை குனிந்தார்கள் என்பதைக் கண்டேன்.

1962 ஆகஸ்ட் 31ஆம் திகதி ஹேமரும் இன்னும் 17 பேரும் வாக்காளராகப் பதியப் பக்கத்து நகரத்துக்கு பஸ்ஸில் போனார்கள். கறுப்பினத்தவரைத் தடுப்பதற்கென்றே வைத்திருந்த எழுத்துப் பரீட்சையில் அவரைத் தோற்கடித்தார்கள். வீடு திரும்பியபோது முதலாளி காத்திருந்தார். பதிவை வாபஸ் வாங்கு, இல்லையேல் தோட்டத்தை விட்டுப் போ. பதினெட்டு வருடம் உழைத்த இடத்திலிருந்து அன்றிரவே வெளியேறினார் ஹேமர். மறுவருடம் காவலில் வைத்து அடித்த அடி அவருடைய உடலை வாழ்நாள் முழுக்கப் பாதித்தது. 1964 ஆகஸ்ட் மாதம், நாடே தொலைக்காட்சியில் பார்க்க, ஒரு பெரிய கட்சியின் மாநாட்டுக் குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் இதையெல்லாம் சொன்னார். அடுத்த வருடம் அந்நாட்டில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வந்தது.

பெரியம்மா விரல்விட்டு எண்ணினார். "அறுபத்தி நாலா? எங்கப்பா அப்பதான் இந்தியாவா இலங்கையான்னு தெரியாம ரேடியோ பொட்டிக்கு முன்னாடி குந்தியிருந்தாரு."

உண்மைதான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. ஹேமர் சாட்சியம் சொன்ன அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். எங்களைக் கேட்டவர் இல்லை. பெரியம்மாவின் கையில் குடியுரிமை முழுதாக வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி கிருஷ்ணனும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று அங்கே போனது அதுவே முதல் தடவை. அந்தச் செய்தி வந்த நாளில் பெரியம்மா தேநீர் போட்டு லயத்துக்கே கொடுத்தார்.

"பேர் இல்லாம இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும் மிஸ்" என்றவர், சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப அந்தப் புள்ள பேரு எங்க?"

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. பட்டியல் என் பையில்தான் இருந்தது. மீள்குடியேற்றத்துக்காக அந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டிய பட்டியல். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், ஒரு கேள்விக்குறியோடு அவளை எழுதியிருந்தேன். அதை எடுத்துப் பெண்களிடம் காட்டினேன். வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். "அதுக்கும் வீடு குடுத்தா நம்ம புள்ளைக்குக் கொறஞ்சிருமே" என்றாள் ஒருத்தி. அவளுடைய பயமும் நியாயமானதே. லயத்து அறை எங்களுடையதல்ல, நிற்கும் மண்ணும் எங்களுடையதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதே, அங்கே 2005இலும் 2011இலும் ஆபத்து என்று எச்சரித்திருந்தார்கள். போ என்றார்கள், போவதற்கு இடம் யார் கொடுத்தது? சொந்த நிலம் உள்ளவனுக்கு எச்சரிக்கை உயிரைக் காக்கும். நிலம் இல்லாதவனுக்கு அது ஒரு கடிதம் மட்டுமே. ஏழு பேர்ச்சஸ் காணி என்று 2015க்குப் பிறகு கொடுக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை. இருப்பதே கொஞ்சம் என்றால் பக்கத்திலிருப்பவளைப் பார்த்துத்தான் பயம் வரும்.

அதனால் இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொன்னேன். கென்யாவின் வங்காரி மாத்தாய். எங்களுடையதைப் போலவே வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட மலைநாட்டில், 1940இல் பிறந்தவர். அவருடைய சிறுவயதில் வீட்டருகே ஓர் அத்திமரமும் அதன் பக்கத்தில் ஓர் ஊற்றும் இருந்தன. அவர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பின் பார்த்தால், தேயிலை நடுவதற்காக மரத்தை வெட்டியிருந்தார்கள். ஊற்றும் வற்றிப் போயிருந்தது. மரத்தின் வேர் மண்ணையும் பிடிக்கும், தண்ணீரையும் பிடிக்கும் என்பதை அவர் மறக்கவில்லை. 1977இல் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து மரம் நடும் பசுமைப் பட்டி இயக்கத்தைத் தொடங்கினார். அவர்கள் நட்டவை கோடிக்கணக்கில். அதற்காக அடியும் வாங்கினார், சிறையும் போனார். 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆபிரிக்கப் பெண்ணானார். ஹேமரும் 1969இல் ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து பயிர் செய்ய ஒரு கூட்டுறவுப் பண்ணையை ஆரம்பித்தார். வாக்கு மட்டும் போதாது, நிற்க மண்ணும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கும் தெரிந்ததுதான். 1977 மார்ச்சில் ஹேமர் காலமானார். அதே வருடம் மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற மக்களில் ஒருவரான டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன், பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தார். அவருக்கும் முன்பு, இதே ஹட்டனில் 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, அவரோடு மேடையேறி, பாட்டுக் கட்டிப் பாடி, படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமாருக்கு உரிமை என்ற சொல்லைக் கொண்டு சேர்த்தவர் அவரது மனைவி மீனாட்சியம்மாள். அப்படித் தொடங்கியவற்றின் பலனாக, தேயிலைத் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல் வந்தது. அதுவரை சட்டப்படியே பெண்ணின் பேர் ஆணின் பேரைவிடக் குறைவு. அன்றைக்கும், "பொம்பளைக்கு ஏத்தினா ஆம்பளைக்குக் குறையும்" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

கதவோரத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி அப்போதுதான் வாய் திறந்தாள். "என்னைப் போல ஆள் யாரும் அங்க இல்லையாக்கா?"

இருந்தார்கள். மார்ஷா பி. ஜோன்சன். கறுப்பினத்தவர், பெண்ணாக வாழ்ந்தவர். 1969 ஜூனில் நியூயோர்க்கில், இப்படியானவர்கள் கூடும் ஒரு விடுதியில் பொலிஸார் புகுந்தபோது எழுந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ஒருவர். மறுவருடம் தன் தோழி சில்வியா ரிவேராவோடு சேர்ந்து, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநர் பிள்ளைகளுக்கு ஓர் அமைப்பை உண்டாக்கி, தங்க இடமும் கொடுத்தார். அவருக்கே நிரந்தரமான வீடு இல்லாத காலம் அது. 1992இல் ஆற்றிலிருந்து அவருடைய உடலை எடுத்தார்கள். தமிழ்நாட்டில் கிரேஸ் பானு இருக்கிறார். தலித்தாகவும் திருநங்கையாகவும் இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்டவர். பொறியியல் கல்லூரியில் இடம்பெற்று, இன்று தன்னைப் போன்றவர்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார்.

"வீடில்லாதவங்களே வீடு குடுத்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் தங்கச்சி. அதற்குப் பதில் சொன்னது நானல்ல, வீடு குறைந்துவிடுமே என்று பயந்த அதே பெண். "நீ மட்டும் என்னவாம்? ஒன் குடிசை போவுதுன்னு தெரிஞ்சும் எங்க கதவத்தானே தட்டுன." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பது பெண்கள் என்னுடன் கிராம உத்தியோகத்தரைப் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பேர் விழாது என்று தெரிந்தும் வந்தார்கள். தனியாக வாழும் ஒருவரும் ஒரு குடும்பமே என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கியபோது, பெரியம்மா இடைமறித்து, "இந்தப் புள்ள கதவு தட்டலேன்னா நீங்க இந்தப் பட்டியலை எழுதியிருக்க மாட்டீங்க ஐயா, வேற பட்டியலைத்தான் எழுதியிருப்பீங்க" என்றார். பென்சிலால் இருந்ததைப் பேனாவால் எழுதினோம். தனிநபர் குடும்பம், அங்கத்தவர் ஒருவர்.

காணி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கும்போது அவளுக்கும் கிடைக்குமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பட்டியலில் இருப்பவளுக்குக் கேட்க வழி உண்டு. இப்போது அவள் லயத்தின் நிற்கிற பாதியில், அந்தப் பயந்த பெண்ணின் காம்பராவில், அவளுடைய மகளோடு தங்கியிருக்கிறாள்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு இரண்டு விடயங்கள். முதலாவது, மலைச்சரிவில் வாழ்பவர்கள் கவனியுங்கள். ஓடை திடீரென வற்றினால், தெளிந்த ஊற்று சேறாக மாறினால், புதிய இடத்தில் தண்ணீர் கசிந்தால், நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விரிந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, உங்கள் லயத்திலும் ஊரிலும் தங்கச்சியைப் போல் ஒருவர் இருந்தால், 2016ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் என ஒன்று உண்டு என்பதைச் சொல்லுங்கள். மனநல வைத்திய நிபுணரிடம் போய் அதைப் பெற்றால், பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றி, அதைக் கொண்டு அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ள முடியும். பயணச் செலவும், அலைச்சலும், போகுமிடமெல்லாம் கேட்கும் கேள்விகளும் அதிகம். தனியே அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். நாங்கள் இரண்டு தடவை போய் வந்துவிட்டோம். இன்னும் போக வேண்டியிருக்கிறது.

சமையல் கொட்டகையில் பாய் போட்டதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுப்பு சூட்டுல நல்லாத்தான் தூங்குனேன்கா" என்று சிரித்தாள். அவள் எளிதாக மன்னித்துவிட்டதால் என் தவறு சிறியதாகிவிடாது.

இந்தக் கட்டுரையில் உன் பெயரை எழுதட்டுமா என்றும் கேட்டேன். அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட அழகான பெயர் ஒன்று இருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அந்தப் பேரு இன்னும் அட்டையில வரல்லக்கா. வந்த பொறகு எழுதுங்க. அப்ப முழுப்பேராவே எழுதுங்க."